வீட்டுக் கணிப்பொறியில் லினக்ஸ்



வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கணிப்பொறியில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊரிலுள்ள பெற்றோர்க்கு எழுதிய கடிதங்கள், தங்கையின் திருமணத்திற்குத் தட்டச்சு செய்த அழைப்பிதழ், காலஞ்சென்ற பெரியவர்களின் புகைப்படங்கள், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்கள், தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிய கட்டுரை, வீட்டுப் பத்திரத்தின் நகல், வருமான வரிக் கணக்கு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கியிருக்கும். முன்னோர் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிக் காத்த பொருள்களை இன்று மேசை மேலுள்ள இந்தப் பெட்டி காத்து வருகிறது. ஆகவே, இப்பெட்டியின் பாதுகாப்பைப் பற்றிய செய்தி பொறியியல் வல்லுநர்க்கு மட்டும் உரியது அன்று. இல்லறத்தார் ஒவ்வொருவர்க்கும் உரியது.

அத்தகைய செய்தி ஒன்று உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்து வந்த பொதுவான ஆதரவை, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் இல்லப் பயனாளர்க்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவதாக ஒரு தவணை அறிவித்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, 2021 அக்டோபரிலேயே வெளிவந்துவிட்டது. எனினும் அதனை எல்லாக் கணிப்பொறிகளிலும் முறைப்படி நிறுவ இயலாது. இரகசியச் சாவிகளைக் காக்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிற்பட்டதோ ஆன செயலியும் அதற்கு வேண்டும்.

இதனால் நேர்ந்தது யாது? நன்றாக உழைத்துக்கொண்டிருந்த கணிப்பொறிகள் பல, தம்மிடம் ஒரு பழுதும் இல்லாமலே 'பழையவை' என்று பெயர் பெற்றன. அவற்றை உடையவர்முன் மூன்று வழிகள் உள்ளன. புதிய கணிப்பொறி வாங்குவது ஒன்று. காவல் குறைந்த நிலையிலேயே பழையதைப் பயன்படுத்துவது மற்றொன்று. அதே கணிப்பொறியில் வேறோர் இயங்குதளத்தை நிறுவிக்கொள்வது மூன்றாவது. இம்மூன்றாம் வழியாகிய லினக்ஸைப் பற்றியும், அதனை மேற்கொள்ளும்போது எதனைக் காக்க வேண்டும் என்பதைப் பற்றியும் இங்குக் காண்போம்.

இயங்குதளத்தின் பணி

பெரிய வீடுகளில் முன்பெல்லாம் காரியஸ்தர் ஒருவர் இருப்பார். ஒரு பத்திரத்தைக் கொண்டு வரச் சொன்னால், அது எந்த அறையில் எந்தப் பெட்டியில் உள்ளது என்று அறிந்து எடுத்து வருவார். வருவோரை விசாரித்து உள்ளே விடுவார். வேலையாட்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பார். பூட்டுத் தேய்ந்தால் கொல்லனை அழைத்துச் சரி செய்விப்பார். கணிப்பொறியில் இயங்குதளம் செய்யும் பணி இதுவே. விசைப்பலகை, திரை, வன்தட்டு, அச்சுப்பொறி ஆகியவற்றுக்கும், நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று அது நிருவாகம் செய்கிறது.

ஆதரவு முடிந்தவுடன் விண்டோஸ் 10 வேலையை நிறுத்திவிடுவதில்லை. காரியஸ்தர் முன்போலவே வருகிறார், முன்போலவே வேலை பார்க்கிறார். ஆனால் பூட்டில் புதியதொரு குறை கண்டுபிடிக்கப்பட்டால் அதனைத் திருத்தித் தருவோர் இல்லை. குறையைத் திருடர் அறிவர், வீட்டார் அறியார். வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும் கணிப்பொறியில் இந்நிலை நாளுக்கு நாள் ஆபத்தை வளர்க்கும். ஆயினும் காரியஸ்தரின் தவணை முடிந்ததற்காக வீட்டையே இடிப்பார் உண்டோ? வீடு உறுதியாக இருக்குமாயின் வேறொருவரை அமர்த்துவதே முறை.

லினக்ஸ் பிறந்த வகை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983-இல் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு அதனை எக்காரியத்திற்கும் இயக்கவும், அதன் அமைப்பைப் படித்தறியவும், பிறர்க்குப் பகிரவும், திருத்தி வழங்கவும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. அத்திட்டத்தார் பல கருவிகளை ஆக்கினர். ஆயினும் எல்லாவற்றையும் தாங்கும் மையப் பகுதி நிறைவு பெறவில்லை. 1991 ஆகஸ்டு 25-ஆம் நாள், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். அப்போது அவர்க்கு வயது 21. அவர் எழுதிய மையப் பகுதி 1992-இல் குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. இரண்டும் கூடி முழுமையான இயங்குதளம் ஆயிற்று.

மாணவர் ஒருவரின் பொழுதுபோக்கு என்று இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. உலகின் மிகு வேகக் கணிப்பொறிகள் ஐந்நூற்றைப் பட்டியலிடும் வழக்கம் உண்டு. 2017 நவம்பரில் அந்த ஐந்நூறும் லினக்ஸிலேயே இயங்கின. நம் கைப்பேசிகளிலுள்ள ஆண்டிராய்டின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியே. ஆதலின், லினக்ஸை அறியோம் என்று சொல்லும் பலர் அதனை நாள்தோறும் சட்டைப்பையில் சுமந்து திரிகின்றனர். நம் நாட்டில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் லினக்ஸ் வகையை 2007-இல் வெளியிட்டது. கேரள மாநிலத்துப் பள்ளிகளில் லினக்ஸ் வழியாகவே கணிப்பொறிக் கல்வி வழங்கப்பட்டு வருகிறது. அம்மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் தம் பெற்றோர்க்கு இதனைக் கற்பிக்கவும் கூடும்.

அரிசி ஒன்றேயாயினும் அதிலிருந்து சோறும் பொங்கலும் இடியாப்பமும் ஆவதுபோல, லினக்ஸ் மையம் ஒன்றைக் கொண்டு பல வழங்கல்கள் ஆக்கப்பட்டுள்ளன. 1993-இல் தோன்றிய டெபியன், அதன் வழியில் 2004-இல் வந்த உபுண்டு, உபுண்டுவை ஒட்டி 2006-இல் எழுந்த லினக்ஸ் மின்ட் ஆகியவை அவற்றுட் சில. விண்டோஸில் பழகியவர்க்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது எனலாம். திரையின் இடக்கோடியில் பட்டியல், அடியில் பணிப்பட்டை, வலக்கோடியில் கடிகாரம் என்று கண்ணும் கையும் பழகிய இடங்களிலேயே பொருள்கள் இருக்கும். 2024-இல் வெளிவந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. குறைந்த அளவாக 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. வட்டிடமும் கேட்கிறது; 4 ஜி.பி. நினைவகம் இருப்பின் இடர்ப்பாடின்றி நடக்கும். வலிமை குறைந்த கணிப்பொறிக்கு அதன் 'எக்ஸ்.எஃப்.சி.இ.' பதிப்பு இலேசானது. சுழலும் பழைய வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால், வேறெந்தச் செலவும் தராத வேகத்தை அந்தச் சிறு செலவு தரும்.

யார்க்கு ஏற்றது, யார்க்கு ஏலாது

இணையத்தில் உலாவுதல், மின்னஞ்சல், வங்கிக் காரியங்கள், ரயில் பயணச்சீட்டு, கடிதம் எழுதுதல், கணக்குத் தாள், படம் பார்த்தல், பாட்டுக் கேட்டல், ஊர்ச் செய்தியும் ஆகாசவாணியின் தமிழ் நிகழ்ச்சிகளும் கேட்டல் ஆகிய இவற்றோடு நிற்கும் வீடுகளுக்கு லினக்ஸ் போதியது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பும் உடனுடனே கிடைக்கும். வாட்ஸாப் உலாவி வழியே இயங்கும்.

மாறாக, டாலி மென்பொருளில் கடைக்கணக்கு எழுதுபவர், ஆட்டோகேடில் வரைபடம் வரைபவர், ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்பவர், அலுவலகம் கட்டளையிட்ட மென்பொருளை வீட்டிலிருந்து இயக்குபவர் ஆகியோர் அவசரப்படலாகாது. அம்மென்பொருள்கள் லினக்ஸைக் கருதி எழுதப்பட்டவை அல்ல. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்க முயலும் 'ஒயின்' போன்ற உபாயங்கள் உண்டெனினும், அவற்றை நம்பிப் பிழைப்பை ஒப்படைத்தல் தகாது. எண்முறைக் கையொப்பத்திற்கான டோக்கன் உடையவர், அது லினக்ஸில் வேலை செய்யுமா என்று வழங்கிய நிறுவனத்தாரைக் கேட்டறிய வேண்டும். வரித்துறையினர் தரும் கணக்குத் தாள்கள் சிலவற்றில் எக்ஸெலுக்கே உரிய மேக்ரோக்கள் உள்ளமையால், அவை லிப்ரே ஆபீஸில் சரியாக நடவாமல் போகக்கூடும். பிள்ளைகள் எழுதும் இணையவழித் தேர்வுக்கு விண்டோஸ் கட்டாயமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளல் நலம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக் கணிப்பொறி ஒருவர் உடைமை அன்று. மாலையில் பிள்ளைகள் படிக்கிறார்கள்; பகலில் தாயார் பக்திப் பாடல் கேட்கிறார்; மனைவி தம் கணக்கை எழுதுகிறார். ஒருவர் இரவோடிரவாக மாற்றிவிட்டு மற்றவர் காலையில் திகைக்கும்படி செய்தல் நல்ல குடித்தனம் ஆகாது. ஊரில் தனியே இருக்கும் முதிய பெற்றோரின் கணிப்பொறியை விடுமுறைக்குச் சென்றபோது மாற்றி வைத்துவிட்டு மறுநாள் ரயிலேறுவது அதனினும் தீது. உடனிருந்து ஒரு வாரமேனும் பழக்க இயலும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.

தமிழ் ஆவணங்களைக் காத்தல்

இந்த மாற்றத்தில் தமிழர்க்கென்றே உரிய இடர் ஒன்று உண்டு. பலர் இதனை மாற்றிய பின்னரே அறிகின்றனர்.

1990-களிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் தமிழைத் தட்டச்சு செய்தபோது, எழுத்துரு செய்தோர் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை வைத்தனர். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு முறை. பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று அம்முறைகள் பல. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தோன்றும். ஆனால் கோப்பினுள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். காரியஸ்தர் தமக்கு மட்டும் தெரிந்த குறியீட்டில் கணக்கெழுதி வைத்ததற்கு ஒப்பாகும் இது. அவர் போன பின் அக்கணக்கைப் படிப்பார் யார்?

இக்குழப்பத்திற்குத் தீர்வாக வந்தது யுனிகோடு எனப்படும் ஒருங்குறி. லினக்ஸ் அறிவிக்கப்பட்ட அதே 1991-இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டது. இதன்படி ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் உண்டு. 'க' என்னும் எழுத்தின் எண் 2965. விண்டோஸாயினும் லினக்ஸாயினும் கைப்பேசியாயினும், எந்த எழுத்துருவாயினும் அவ்வெண் 'க'வையே குறிக்கும். ஒருங்குறியில் எழுதிய கடிதம் எங்குச் சென்றாலும் தமிழாகவே இருக்கும்.

உங்கள் கோப்பு எவ்வகையது என்று அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கோப்பைத் திறந்து, எழுத்துகளைத் தேர்ந்து, ஏரியல் போன்ற ஓர் ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது ஒருங்குறி. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் அது பழைய முறை. சோதித்த பின் மாற்றத்தைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

பழைய முறைக் கோப்புகளுக்குச் செய்ய வேண்டுவன இரண்டு. முதலாவது, அந்த எழுத்துரு இருக்கும் விண்டோஸிலேயே அவற்றைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்தல். அதில் எழுத்தின் வடிவமும் உடன் பொதியப்படுவதால், எழுத்துரு இல்லாத இடத்திலும் அவ்வாறே காட்சி தரும். இரண்டாவது, என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி, பி.டி.எஃப். நகலோடு ஒப்பிட்டுப் பிழை பார்த்தல். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதுண்டு; ஆகவே ஒப்பு நோக்காமல் மூலத்தை அழிக்கலாகாது. எழுத்துருக் கோப்புகளையும் தனியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அவற்றுட் பல லினக்ஸிலும் வேலை செய்யும்.

இது நம் மரபுக்குப் புதிய தொழில் அன்று. பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது. செல்லரிக்குமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியவர் இருந்த நூல்கள் நமக்குக் கிடைத்தன. பெயர்த்தெழுதுவார் இல்லாதவை பெயரளவில் நின்றன. உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றியதை நாம் போற்றுகிறோம். அப்பெரும் பணியோடு நம் வீட்டுக் கடிதங்களை ஒப்பிடல் மிகையேயாயினும், காரணம் ஒன்றே. எழுதிய பொருள் அழியும்முன், அடுத்த தலைமுறை படிக்கத்தக்க பொருளில் அதனைப் பெயர்த்தல் வேண்டும்.

நகலும் வெள்ளோட்டமும்

கோப்புகளை ஒழுங்கு செய்த பின், அவற்றை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். ஒன்று வெளி வன்தட்டிலும் மற்றொன்று வேறொரு பென்டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கலாம். ஒரே நகல் இருப்பதும் நகலே இல்லாமையும் பல வேளைகளில் ஒன்றாக முடியும். ஆவணங்கள், படங்கள் ஆகிய அறைகளோடு நில்லாமல், திரையின் முகப்பில் போட்டு வைத்தவை, இறக்கி வைத்தவை, டி என்னும் பகுதியில் உள்ளவை, அவுட்லுக்கில் சேர்ந்த மின்னஞ்சல்கள், உலாவி நினைவில் வைத்திருக்கும் கடவுச்சொற்கள் ஆகியவற்றையும் மறவாதீர்கள். நகலெடுத்த பின் வேறொரு கணிப்பொறியில் செருகி, சில கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இருக்குமாயின், அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வைப்பது இன்றியமையாதது.

அடுத்தது வெள்ளோட்டம். லினக்ஸில் பாராட்டத்தக்க வசதி இதுவே. புதிய காரியஸ்தரிடம் சாவிக்கொத்தைக் கொடாமலே ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொல்லலாம். லினக்ஸ் மின்ட்டின் அதிகாரத் தளத்திலிருந்து ஏறத்தாழ 3 ஜி.பி. அளவுள்ள கோப்பை இறக்கி, அங்குத் தந்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, ரூஃபஸ் அல்லது எட்சர் என்னும் சிறு மென்பொருளால் 8 ஜி.பி. பென்டிரைவில் எழுத வேண்டும். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை நினைவில் கொள்க.

அப்பென்டிரைவைச் செருகிக் கணிப்பொறியை மீண்டும் தொடங்கும்போது, தொடக்கப் பட்டியலுக்குரிய விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ கணிப்பொறிகளில் இது பெரும்பாலும் எஃப் 12, ஹெச்.பி.யில் எஃப் 9. லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே எழுந்து நிற்கும். நிறுவும் குறியைத் தொடாத வரையில் வன்தட்டில் அது தானாக எதனையும் எழுதாது. வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, காமிரா காண்கிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சிலவகை வைஃபை சில்லுகளும் சில லேசர் அச்சுப்பொறிகளும் முரண்டு பிடிப்பதுண்டு. அக்குறையை நிறுவுமுன் அறிவதே இச்சோதனையின் பயன். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாக இருக்கும். அதனைக் கண்டு முடிவு செய்துவிடலாகாது.

நிறுவும் முறை

நிறுவும்போது இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்கும். விண்டோஸை வைத்துக்கொண்டே அதன் பக்கத்தில் லினக்ஸை நிறுவுதல் ஒன்று. வன்தட்டு முழுவதையும் துடைத்துவிட்டு லினக்ஸை மட்டும் நிறுவுதல் மற்றொன்று. முதல் வழியில் கணிப்பொறியைத் திறக்கும்போதெல்லாம் எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். ஐயமுடையவர்க்கு இதுவே பொருந்தும். ஐம்பது ஜி.பி. அளவேனும் இடம் ஒதுக்கி, விண்டோஸில் 'விரைவுத் தொடக்கம்' என்னும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்கும் கணிப்பொறியில் சில வேளைகளில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தவறிக் காட்டுவதுண்டு. அஞ்ச வேண்டா. உள்ளிருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்வதால் வரும் வேறுபாடே அது; ஓர் அமைப்பை மாற்றிச் சரிசெய்யலாம்.

இரண்டாம் வழியைத் தேர்ந்தால் திரும்பி வருதல் இல்லை. வன்தட்டிலுள்ள அனைத்தும் போய்விடும். இரண்டு நகல்களும் சரியாக உள்ளனவா என்று மீண்டும் ஒரு முறை பார்த்த பின்னரே அந்தப் பொத்தானை அழுத்துதல் வேண்டும்.

பழகும் நாட்கள்

நிறுவியவுடன் சில வேறுபாடுகளைக் காண்பீர்கள். சி, டி என்னும் பிரிவுகள் இல்லை. ஒவ்வொருவர்க்கும் 'இல்லம்' என்று ஒரு கோப்புறை உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் வைத்த பெயர்களை லினக்ஸ் வெவ்வேறாகக் கொள்ளும். மென்பொருள் வேண்டின், இணையத்தில் அலைந்து கண்ட இடத்தில் இறக்குதல் வழக்கம் அன்று. வழங்கலுக்கே உரிய மென்பொருள் களஞ்சியத்தில் தேடி எடுத்தல் வழக்கம். அங்குள்ளவை முத்திரையிட்டுச் சரிபார்க்கப்படுவதால் கள்ளச் சரக்குக் கலத்தல் குறையும். இயங்குதளத்தை மாற்றும் செயல் எதற்கும் கடவுச்சொல் கேட்கும். முதலில் இது தொல்லையாகத் தோன்றும். வாயிற்காவலன் கேள்வி கேட்பது நம் நன்மைக்கே என்று பின்னர்த் தெளிவோம்.

வேர்டில் எழுதிய கோப்புகள் லிப்ரே ஆபீஸில் திறக்கும். ஆயினும் அட்டவணையும் பக்க அமைப்பும் சிறிது நகர்ந்து நிற்கலாம். பிறர்க்கு இறுதி வடிவில் அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக அனுப்புதல் நன்று.

தமிழில் எழுதுவதற்கு அழகி, என்.ஹெச்.எம். ரைட்டர், இ-கலப்பை ஆகிய விண்டோஸ் மென்பொருள்களில் பழகியவர்கள் கவலற்க. லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையையும் அதற்குரிய எம்.17.என். தொகுப்பையும் நிறுவினால், தமிழ் 99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப் பலகை, இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றுள் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். புதிதாகக் கற்போர்க்குத் தமிழ் 99 நன்று. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தது அது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே வந்துவிடும். லோகித், நோட்டோ ஆகிய தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கும். மேலும், ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு அமைத்து, அவரவர்க்கு வேண்டிய மொழியில் பட்டியல்களைக் காட்டச் செய்யலாம். பாட்டிக்குத் தமிழ், பள்ளியில் இந்தியோ கன்னடமோ பயிலும் பேரனுக்கு அம்மொழி என்று ஒரே கணிப்பொறி பல மொழிகளில் பேசும். சொற்கள் எல்லாமே தமிழாகியிருக்கமாட்டா; இடையிடையே ஆங்கிலம் தலைகாட்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எந்த இயங்குதளமும் ஏமாற்றுக்காரனிடமிருந்து முற்றும் காக்காது. 'உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நாங்கள் சரி செய்கிறோம்' என்று தொலைபேசியில் அழைத்து, கணிப்பொறியைத் தொலைவிலிருந்து தம் வசப்படுத்திக்கொள்ளும் கூட்டத்தார் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் நாம் கேளாமல் அவ்வாறு அழைப்பதில்லை. ஒருமுறைக் கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்பவர்க்கு லினக்ஸும் துணை செய்யாது. பணம் பறிபோயிற்று என்று அறிந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், எனக்கு இம்மாற்றம் வேண்டா என்று ஒருவர் முடிவு செய்வாராயின் அதிலும் தவறில்லை. தொழிலுக்கு விண்டோஸ் தேவைப்படுபவர் புதிய கணிப்பொறி வாங்குவதே அறிவுடைமை. ஆனால் அவர்க்கும் பழைய ஆவணங்களைப் புதிய இடத்திற்குக் கொண்டு செல்லும் கடமை உண்டு. காரியஸ்தர் இனியும் மாறுவர். பத்தாண்டு கழித்து இன்றைய விண்டோஸும் இன்றைய லினக்ஸும் பழையவை ஆகும். ஆகையால், மாற்றத்தைப் பற்றிய முடிவு எதுவாயினும், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டிலுள்ள தமிழ்க் கோப்புகளுள் எவை பழைய முறையின என்று சோதித்துப் பாருங்கள். பெற்றோரின் கடிதங்களிலிருந்து தொடங்குவது நலம்.